வீட்டைக் காத்துப் பிள்ளையைக் காப்போம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோணேசப் பெருமான் கோயில் கொண்டிருக்கும் இந்தத் துறைமுக மண்ணிலே தருமத்துக்குக் குறைவில்லை. பெற்றோரின் திவசம் வந்தால், பிள்ளையின் பிறந்தநாள் வந்தால், கோயிலிலே திருவிழா வந்தால், சிறுவர் இல்லம் ஒன்றுக்குச் சோறு கொடுத்துவிட்டு மனநிறைவோடு திரும்புகிறோம். இது நல்ல வழக்கம். இதனைக் குறைகூற நாம் இங்கே வரவில்லை. ஆனால் அந்தச் சோற்றை இலையிலே இடும்போது ஒரு கேள்வி நமக்கு எழவேண்டும். இந்தப் பிள்ளைகள் ஏன் இங்கே இருக்கிறார்கள்?

"தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், வேறு எங்கே போவார்கள்?" என்பதே நம்மிற் பெரும்பாலோர் சொல்லும் விடை. அந்த விடை உண்மையன்று. 2013 ஆம் ஆண்டளவில் இலங்கையில் 400 க்கு மேற்பட்ட இல்லங்களில் ஏறத்தாழ 14,000 பிள்ளைகள் வாழ்ந்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ இருவருமோ உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன், 2005 இல், சிறுவர்களைக் காப்போம் நிறுவனம் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. நாம் அநாதைகள் என்று எண்ணிச் சோறு கொடுக்கும் பிள்ளைகளுட் பலருக்கு, அன்றிரவும் தன் பிள்ளையை நினைத்துக்கொண்டு படுக்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள். அவள் வெருகலிலோ, மூதூரிலோ, குச்சவெளியிலோ, நகரத்து ஒழுங்கை ஒன்றிலோ இருக்கலாம்.

அப்படியானால் அப்பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தது எது? அன்புக் குறைவன்று. பெரும்பாலும் வறுமைதான். அந்த வறுமை நமது மாவட்டத்திலே என்ன உருவத்தில் வருகிறது என்பதைச் சிறிது பார்ப்போம்.

முதலாவது, கடல். கார்த்திகை முடிந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சிறு வள்ளக்காரன் கரையிலே இருப்பான். அந்த மாதங்களை ஒட்டித்தான் புதிய வகுப்புக்கான கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை என்று செலவுகளும் வந்து சேரும். கணவன் இல்லாத பெண்ணானால், மீன் வெட்டியும் கருவாடு காயவைத்தும் பெறுகின்ற கூலியும் நின்றுவிடும். அப்பொழுது யாரோ ஒருவர், "மூத்தவனை ஓர் இல்லத்திற் சேர்த்துவிடு, மூன்று நேரமும் சாப்பாடு, படிப்பும் கிடைக்கும்" என்கிறார். தாயும் சம்மதிக்கிறாள். மூன்று மாதத்துக் கஷ்டத்துக்காகப் பிரிந்த பிள்ளை பல வருடங்கள் பிரிந்தே இருக்கிறான்.

இரண்டாவது, போர். சம்பூர்ப் பகுதி மக்கள் 2006 இல் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களிலே இருந்தவர்களுட் பலர், 2015 ஆம் ஆண்டின் பின்னரே தம் நிலத்துக்குத் திரும்பினார்கள். ஏறக்குறையப் பத்து ஆண்டுகள்! தகரக் கொட்டிலிலே வளர்வதைவிட இல்லத்திலே வளர்வது நல்லதென்று ஒரு தகப்பன் எண்ணினால், அவனை யார் குறை சொல்ல முடியும்?

மூன்றாவது, வெளிநாட்டு வேலை. வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போகும் தாய், பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுப் போகிறாள். அம்மம்மா நோயில் விழுந்தாற் பிள்ளை இல்லத்துக்குப் போகிறது. 2013 இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற விதியைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் போவதைத் தடுத்தது. பொருளாதார நெருக்கடி வந்த 2022 இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. தாயைத் தடுப்பதும் எளிது, அனுப்புவதும் எளிது. ஊரிலே அவளுக்கு ஒரு தொழிலைக் கொடுப்பதே அரிது.

அன்பர்களே, இல்லங்களை அமைத்த பெரியோர்களை நாம் மறந்துவிடலாகாது. நம்மிற் பலர் மிசன் பாடசாலைகளிற் படித்தவர்கள். விடுதியும் பள்ளியும் ஒன்றாக நடந்த அந்தத் தொண்டின் மதிப்பு நமக்குத் தெரியும். 1925 இல் திருகோணமலை இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிசன் பொறுப்பேற்ற காலத்தில் அதன் வளர்ச்சிக்கு உழைத்தவர் சுவாமி விபுலானந்தர். 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கியவரும் அவரே. அங்கே ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கு மாணவர் இல்லமும் அமைந்தது. ஊரிலே பாடசாலை இல்லாத காலம். படிப்புக்குப் பணம் கட்டவேண்டிய காலம். அன்று இல்லம் இல்லையேற் கல்வியும் இல்லை.

இன்று நிலைமை அதுவா? 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கிராமந்தோறும் பாடசாலை எழுந்தது. நம் மாவட்டத்திலே களப்பும் ஆறும் ஊர்களைப் பிரித்துவைத்த காலமும் போயிற்று. மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் தோணியையும் பாதையையும் நம்பியிருந்ததைப் பெரியோர்கள் அறிவீர்கள். 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் தெற்கே போகும் வழியிலிருந்த மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. அன்று கடலைக் கடந்து போகவேண்டியிருந்த பிள்ளை இன்று பஸ்ஸிலே போய் வரலாம். ஆகவே, தூரத்துக்காகவும் படிப்புக்காகவும் பிள்ளையைப் பிரித்த காரணம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. காரணம் தீர்ந்த பின்னும் பழக்கம் மாத்திரம் நிற்கிறது.

நமது சமயம் இதற்கு என்ன வழி காட்டுகிறது? பெரியபுராணத்திலே திலகவதியாரின் வரலாற்றை நாம் அறிவோம். தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியாரும் மறைந்தார். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போரிலே மாண்டார். தாமும் உயிரை விடத் துணிந்த அப்பெண், தம்பி மருணீக்கியாரின் அழுகையைக் கேட்டு, அவருக்காகவே உயிர் தாங்கி நின்றார். அந்தத் தம்பிதான் நாம் அப்பர் என்று போற்றும் திருநாவுக்கரசு நாயனார். பின்னாளிலே சமணம் சார்ந்து பாடலிபுத்திரத்தில் வாழ்ந்தவர், சூலைநோய் வருத்தியபோது எங்கே போனார்? திருவதிகையிலிருந்த தமக்கையாரிடமே போனார். தாய் தந்தை இல்லாத பிள்ளைக்கும் குடும்பம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இல்லத்திலே வளரும் பிள்ளை 18 வயதிலே வெளியே வரவேண்டியவன். நோயோ துன்பமோ வந்தால் அவன் யாரிடம் போவான்? திரும்பிப் போவதற்கு ஒரு வாசல் வேண்டும் அல்லவா?

இது பழங்கதையோடு முடிந்த செய்தியன்று. 2004 மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. கிண்ணியாவும் மூதூரும் நிலாவெளியும் குச்சவெளியும் பட்ட பாட்டை மூத்தோர் மறந்திருக்கமாட்டீர்கள். இலங்கையிலே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தாய் தந்தை இருவரையும், ஆயிரக்கணக்கானோர் ஒருவரையேனும் இழந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டவர்கள் யார்? பெரியம்மா, சித்தி, மாமி, அம்மம்மா ஆகிய உறவினர்களே. 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் அவ்வாறான வளர்ப்புப் பராமரிப்புக்கு ஒழுங்கு செய்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் மேற்பார்வையையும் வைத்தது. ஒரே நாளில் வந்த பேரழிவிலே நமது குடும்பங்கள் இதனைச் செய்தன. அப்படியிருக்க, ஒரு வாடைக்காலத்து வறுமையை அவற்றினால் தாங்க முடியாதா? பக்கத்திலே துணை நிற்பவர் இருந்தால் தாங்க முடியும்.

சட்டமும் இந்தப் பக்கத்திலேயே நிற்கிறது. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பாதுகாப்பு வேண்டிய பிள்ளையைத் தகுதியான ஓர் ஆளிடம் ஒப்படைக்க நீதிமன்றுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அந்த ஆள் உறவினராகவும் இருக்கலாம். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், பிள்ளையின் நன்மைக்கு அவசியமானாலன்றிப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என்கிறது. பிரித்து வைக்கப்பட்ட பிள்ளையின் நிலைமை காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யப்படவேண்டும் என்றும் சொல்கிறது. 2009 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டிகளின்படி, வறுமை ஒன்றே பிள்ளையைப் பிரிப்பதற்குக் காரணமாக ஒருபோதும் இருக்கலாகாது. 2019 இல் வந்த நமது நாட்டின் மாற்றுப் பராமரிப்புக் கொள்கையும், இல்லத்தைக் கடைசி வழியாகவே கருதுகிறது. ஏட்டிலே குறைவில்லை; அந்த ஏட்டை ஊருக்குக் கொண்டுவருவதிலேயே குறை இருக்கிறது.

பிற நாடுகள் இதனை அனுபவத்தாற் கற்றன. அமெரிக்காவில் 1909 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் கூட்டிய மாநாடு, வறுமைக்காக மட்டும் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கலாகாது என்று முடிவு செய்தது. இரண்டு ஆண்டுகளில் இலினோய் மாநிலம் ஏழைத் தாய்மாருக்குப் பணவுதவி செய்யச் சட்டம் இயற்றியது. 1951 இல் ஜோன் போல்பி என்ற ஆங்கில மருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில், தாயன்பு தொடர்ந்து கிடையாத குழந்தையின் மனம் அடையும் கேட்டை எடுத்துக்காட்டினார். ருமேனியாவிலே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் அறிவு வளர்ச்சி மற்றவர்களைவிட மேம்பட்டது. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்திற் சேர்ந்தவர்கள் மிகுந்த நன்மை பெற்றார்கள். குழந்தைக்கு உணவு மட்டும் போதாது. அது அழும்போது தூக்கும் கை நாளுக்கு நாள் மாறாத கையாக இருக்கவேண்டும். எட்டு மணிக்கு ஒருவரும் நான்கு மணிக்கு ஒருவருமாக மாறும் பணியாளர், எத்துணை நல்லவராயினும், அந்தக் கையாக முடியாது.

இனி, நாம் சொல்வதற்கு எதிராக எழக்கூடிய ஒரு கேள்வியையும் மறைக்காமற் பேசவேண்டும். "குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பனிடமும் பிள்ளையை விட்டுவைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை, ஒருபோதும் இல்லை. பிள்ளைக்கு உடலாலோ பாலியலாலோ கொடுமை நடக்கும் வீட்டிலிருந்து பிள்ளையை உடனே பாதுகாக்கவேண்டும். அதுவே சட்டம், அதுவே அறம். 1995 இன் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி சிறுவர்க்குக் கொடுமை செய்தல் குற்றம். 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு யாரும் முறையிடலாம். குடும்பத்தைக் காப்போம் என்பது குடும்ப மானத்தைக் காப்போம் என்பதன்று. "வெளியே தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்?" என்று வாயை மூடிக்கொள்வது பிள்ளையைப் பலியிடுவதாகும். ஆனால் அப்பொழுதும் கேட்கவேண்டிய இரண்டாம் கேள்வி ஒன்று உண்டு. தகப்பன் ஆகாதென்றால் தாய் ஆகாளா? தாயும் முடியாதென்றால் மாமி இல்லையா, பெரியப்பா இல்லையா? கொடுமை செய்தவனை வீட்டிலே வைத்துக்கொண்டு, கொடுமைப்பட்ட பிள்ளையை வெளியே அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

வேறொரு கேள்வியும் உண்டு. "இல்லத்திலே சோறும் படிப்பும் கிடைக்கிறதே, வீட்டிலே கிடைக்குமா?" என்பது அது. இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஓர் இல்லத்திலே 50 பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுக்கிறோம். ஒருவருக்கு 500 ரூபா என்று வைத்தால் 25,000 ரூபா. அதே தொகை, ஒரு தாய்க்கு மாதம் 5,000 ரூபாவாக ஐந்து மாதத்துக்கு வரும். வாடைக்காலம் முழுவதையும் அவள் கடந்துவிடலாம். பிள்ளை வீட்டை விட்டுப் போகவேண்டியதில்லை. ஒரு நாளைய விருந்து பெரிதா, ஐந்து மாதத்துக் குடும்பம் பெரிதா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறோம்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. சமுர்த்தி உதவித்தொகையின் இடத்தில் 2023 இல் அஸ்வெசும வந்தது. 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கும் மாதம் 5,000 ரூபா வழங்கும் முன்மொழிவு வந்தது. தமிழ்நாட்டில் 2025 புரட்டாசியில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்கு மட்டுமன்றி, ஒருவரை இழந்து மற்றவராற் பராமரிக்க இயலாத பிள்ளைக்கும் 18 வயது வரை மாதம் 2,000 இந்திய ரூபா கொடுக்கிறார்கள். பிள்ளை வீட்டிலே இருக்கும்போதே உதவி வரவேண்டும் என்பதுதான் அதன் கருத்து. நாமும் இதனையே கேட்கவேண்டும். பிள்ளை இல்லத்தின் படியை மிதித்த பின் வரும் உதவி, அதற்கு முன்னரே தாயின் படலையடிக்கு வரட்டும்.

சரி, நமது மன்றம் என்ன செய்யலாம்? நாம் நான்கு காரியங்களைப் பெரியோர்களின் முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் கிராம உத்தியோகத்தர் பிரிவிலே இடர்ப்படும் குடும்பங்களை அறிந்துகொள்ளவேண்டும். பாடசாலைக்கு வருவது குறைந்த பிள்ளை, நுண்கடனில் அகப்பட்ட தாய், பேரப்பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் கிழவி ஆகியோர் நம் கண்ணுக்குத் தெரியவேண்டும். இடம்பெயர்வினாற் பிறப்புச் சான்றிதழை இழந்தவர்கள் பலர். அது இல்லாமல் உதவியும் இல்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், பிரதேச செயலகத்திலே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்வதும் படித்த இளைஞர்களின் கடமை. இதற்குப் பணம் வேண்டியதில்லை. கால் நடந்தாற் போதும்.

இரண்டாவது, ஞாயிறன்று அறநெறி வகுப்பு நடக்கும் கோயில் மண்டபங்கள் மற்ற நாட்களில் மாலையிலே வெறுமையாக இருக்கின்றன. அங்கே படிப்பு வகுப்பை நடத்துவோம். வீட்டிலே வெளிச்சமும் உதவியும் இல்லையென்று நகரத்து இல்லத்துக்குப் போகும் பிள்ளை, ஊரிலேயே இருந்து படிக்கட்டும்.

மூன்றாவது, குடும்பத் துணை நிதி ஒன்றைத் தொடங்குவோம். விழாவுக்கும் அன்னதானத்துக்கும் வரும் பணத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குவோம். பஸ் கட்டணம், ஒரு சைக்கிள், ஒரு தையல் இயந்திரம், வாடைக்காலத்து மூன்று மாத அரிசி என்று எது தேவையோ அதனைக் கொடுப்போம். ஆனால் மேடையிலே ஏற்றிக் கொடுக்கவேண்டாம்; படம் பிடிக்கவும் வேண்டாம். வாங்குகின்ற தாயின் மானமும் நம் வீட்டுத் தாயின் மானமே. இந்த மாவட்டத்திலே வறுமை சைவர்க்கு மாத்திரம் உரியதன்று. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவர் வீட்டிலும் அது இருக்கிறது. பக்கத்து வீட்டார் யாராயினும் அந்த நிதி அவர்களுக்கும் திறந்திருக்கட்டும்.

நான்காவது, ஏற்கெனவே இல்லங்களில் உள்ள பிள்ளைகளைப் பற்றியது. இந்தச் சபையிலே இல்லங்களின் நிருவாகத்தில் இருக்கும் பெரியோர்கள் உண்டு. உங்களை வணங்கிக் கேட்கிறோம்: ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே, "இவர் ஏன் இங்கே? என்ன கிடைத்தால் வீடு திரும்பலாம்?" என்ற இரண்டு கேள்விகளையும் எழுதி, நன்னடத்தை உத்தியோகத்தரோடு கலந்து விடை காணுங்கள். உடனே அனுப்பிவிடச் சொல்லவில்லை. ஆயத்தமில்லாமல் அனுப்பிய பிள்ளை மறுபடியும் திரும்பி வரும். முதலில் தாய்க்குப் பஸ் பணம் கொடுத்து மாதம் ஒரு முறை வரச்செய்வோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவோம். பிறகு படிப்படியாக மீண்டும் சேர்த்துவைப்போம். வீடு திரும்ப வழியே இல்லாத பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்காக இல்லம் இருக்கவேண்டும், நன்றாக இருக்கவேண்டும். மற்றவர்கள் வீடு சேர்ந்தால், எஞ்சிய சிலரைத் தாயைப்போலக் கவனிக்க இல்லத்துக்கும் முடியும்.

பெரியோர்களே, நீங்கள் போரையும் பேரலையையும் கண்டவர்கள். அந்தக் காலத்திலே பிள்ளைகளின் உயிரைக் காத்தீர்கள். உயிரைக் காத்த உங்களிடமிருந்து, உறவையும் காக்கும் வேலையை இளைஞர்களாகிய நாம் ஏற்றுக்கொள்ள விரும்புகிறோம். அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, இந்த மன்றத்தின் உதவியால் வீட்டிலேயே தங்கிய பிள்ளைகள் இத்தனை பேர் என்ற கணக்கு அதிலே இருக்கவேண்டும். பெயர் வேண்டாம், படம் வேண்டாம். தொகை மாத்திரம் போதும். அத்தொகை ஒன்றாக இருந்தாலும் அது பெருமைப்படத் தக்கதே.